எந்த ஊர், ஆரின்ர ஆக்கள்?

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்து டிராமில் போய்க்கொண்டிருந்தேன். முழங்கால் டாக்டரிடம் டெர்மின், அதாவது குறித்துக் கொடுத்த நேரம். அந்த முழங்கால் கதை பெரிய கதை, இப்போது வேண்டாம். முன் இருக்கையில் ஒரு தமிழ்த் தகப்பனும் மகளும் இருந்தார்கள். மகள் சொன்னாள்:

"அப்பா, ஐரிஷ்காரரும் எங்கட ஆக்கள் மாதிரித்தான். எந்த ஊர், ஆரின்ர ஆக்கள் எண்டு கேக்கினம்."

"எந்த ஐரிஷ்காரர்?"

"யூனியில படிக்க ஸ்டிபெண்டியம், உதவிப்பணம் குடுக்கிற சங்கம். ஐரிஷ் வழிவந்த பிள்ளையளுக்குத்தான் குடுப்பினம். அம்மான்ர பூட்டன் அயர்லாந்து எண்டு சொன்னன். எந்த ஊர், என்ன தொழில் எண்டு கேட்டினம். எனக்குத் தெரியேல்லை. நாளைக்குச் சொல்லாட்டி கிடைக்காது."

"கொம்மாவைக் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். 'நான் ஜேர்மன்காறி, அதெல்லாம் ஆருக்குத் தெரியும்' எண்டு சிரிக்கிறா."

"கோல்வே பக்கம், கடற்கரை ஊர். ஆள் படகு கட்டினவர். ஆளின்ர தம்பி பெருங்குடிகாரன்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கலியாணத்துக்கு முதல் கொம்மான்ர மாமியைப் பிடிச்சு விசாரிச்சனான். அதுக்குக் கொம்மா கனநாள் என்னோட கதைக்கேல்லை."

மகள் அவசரமாகப் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். தகப்பன் எட்டிப் பார்த்தார்.

"குடிகாரனை எழுதாத, பிள்ளை. சம்பந்தம் பேசேக்க நாங்களும் அதைச் சொல்லுறேல்லை."