கருப்பு நூல்

கருப்புதான் கண்ணு. நல்லா பாரு. கருப்புக் கோட்டுக்கு எவளாவது நீல நூல் போட்டு ஓரம் அடிப்பாளா? ஜன்னல்கிட்ட கொண்டு போகாத, வெயில்ல எல்லாமே நீலமாத்தான் தெரியும். இருபத்தாறு வருஷமா இந்த மெஷின்ல உக்காந்திருக்கேன், எனக்கே நூல் பாடமா... என்ன, நாளைக்குக் காலையில இன்டர்வியூவா? சரி சரி, அதுக்குள்ள குடுத்துடலாம். அந்தத் துணிக் குவியலத் தள்ளிட்டு உக்காரு.

அப்படியே தப்பா இருந்தாலும் தப்பு என்னுது இல்ல. அந்தக் கண் டாக்டரோடது. ஆமா, நீயும் கண்ணாடி போட்டிருக்கியே, லேசர் பண்ணிக்கலாம்னு ஏதாவது யோசனையா? நானும் பண்ணிக்கிட்டவதான். பதினாலு வருஷமாச்சு, அப்ப எனக்கு முப்பத்தாறு. படுக்க வெச்சு, கண்ண மூட விடாம பிடிச்சு, பத்தே நிமிஷம். மறுநாள் எதிர் மாடியில காயற சட்டையில தையல் விட்டிருக்கறது வரைக்கும் தெரிஞ்சுது. என்ன ஆட்டம் போட்டேங்கற! கண்ணாடியத் தூக்கிக் குப்பையில போட்டேன். இனிமே இந்த மூக்குல எதுவும் ஏறாதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தேன்.

எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, என் நாத்தனார், அவளையும் கூட்டிட்டுத்தான் போனேன். இவ்ளோ கனத்துக்குக் கண்ணாடி அவளுக்கு. சோடாபுட்டின்னுதான் கூப்பிடுவேன். பயந்தாங்கொள்ளி, கடைசி நேரத்துல வேணாம்னுட்டா. அங்கயே வெச்சு அப்படிச் சிரிச்சேன். இப்ப என்னடான்னா மகாராணி கண்ணாடியக் கழட்டி நெத்தி மேல வெச்சுக்கிட்டு, மாத்திரை அட்டையில இருக்கற பொடி எழுத்தையெல்லாம் கடகடன்னு படிக்கிறா. கிட்டப்பார்வைக்காரங்களுக்கு அது ஒரு வசதியாம். இத முன்னாடியே சொல்லித் தொலைக்கணுமா இல்லையா?

சொன்னான்... அந்த டாக்டர் சொன்னான்தான். நாப்பதுக்கு மேல கிட்டப் பாக்க தனியா கண்ணாடி வேண்டி வரும்னான். காகிதத்துலயும் இருந்துது, நானும் கையெழுத்துப் போட்டேன். நாப்பதெல்லாம் நமக்கு எங்க வரப்போகுதுன்னு இருந்தேன், நாலே வருஷத்துல வந்து நின்னுது. தூரத்துக்கு இன்னைக்கும் குறையில்ல, அதோ அந்த பஸ் நம்பர் சொல்லட்டா? பஸ் நம்பர வெச்சுக்கிட்டு நான் என்ன, பட்டனா தைக்கிறது? கண்ணு வேற மணல் விழுந்த மாதிரி வறண்டு போகுது. நாளுக்கு நாலு தடவை சொட்டு மருந்து.

என்ன, மணி பாக்கற? இரு, முக்கியமானத இன்னும் சொல்லல. அந்த ஆளு மூணு தடவை கேட்டான், என்ன வேலை பண்றீங்க, கிட்ட வெச்சுப் பாக்கற வேலையான்னு. அப்படின்னா ஒரு கண்ணுல மட்டும் கிட்டப்பார்வையக் கொஞ்சம் மிச்சம் வெச்சுடலாம், பின்னாடி கிட்டப் பாக்க உதவும்னான். பக்கத்துல ரெண்டு பொண்ணுங்க, பளபளன்னு செருப்பும் பையுமா. அவளுங்க முன்னாடி நான் டெய்லர்னு சொல்லணுமாக்கும். மேனேஜர், நாள் பூரா கார்ல சுத்தற வேலைன்னுட்டேன். சோடாபுட்டி என் தொடையக் கிள்ளறா, "அண்ணி, தையல்னு சொல்லுங்க"ன்னு. ஒரு மொறை மொறைச்சேன், கைய எடுத்துக்கிட்டா. டாக்டர்கிட்ட, "முழுசா பண்ணுங்க சார், மிச்சம் விடறதுக்கு இது என்ன துணியா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் பெருமையா இருந்துது.

ஏம்மா, கோட்ட ஏன் மடிக்கற? வேற கடைக்கா? இந்த மாசத்துல நீ மூணாவது ஆளு. மத்த ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரல... இரு, போகாத. பயமா இருக்கு கண்ணு. இத விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது.

அந்தக் கதவ சாத்து. தெருவுல யாரும் பாக்கலையே? பட்டன் டப்பாவ எடு, அடியில துணி சுத்தி ஒண்ணு இருக்கும். சோடாபுட்டி வாங்கிட்டு வந்தது. மெஷின் மேல வெச்சுட்டுப் போனா, எட்டு மாசமா அப்படியே கெடக்கு. குடு இப்படி. சிரிக்காத. காது வேற உறுத்துது... எங்க, அந்த ஓரத்தக் காட்டு.

அய்யோ... பாதி வரைக்கும்தான் நீலம். அதுக்கப்புறம் பச்சை.

உக்காரு கண்ணு, முழுசாப் பிரிக்கறேன்.