பூமி சாஸ்திரம் என்ற சொல்லைத் திருத்திய பெருந்தகைக்கு

"வக்கீலுக்குத்தான் படிக்கணும். நம்ம பூமி கேஸு அரியலூர் கோர்ட்டுல கெடக்குது, இந்தக் கல்லு பொறுக்கற பய என்னடான்னா—"

"கேஸு உங்களுதா, அவனுதா? புள்ளைக்கு எதுல நாட்டமோ—"

"நீ சும்மா கெட கலியம்மா, ஐயா சொல்லட்டும்—"

"நீங்க வாயை மூடுனாத்தானே அவரு சொல்லுவாரு!"

வரதராஜன்பேட்டையில், முன்னொரு கோடை விடுமுறையில், தங்கள் வீட்டுக் கூடத்தில் மோதிய இவ்விரு குரல்களுக்கும் நடுவே முறுவல் மாறாமல் வீற்றிருந்த பெருந்தகையே! சொல்லில் சுருக்கமும் செவியில் பெருக்கமும் கொண்ட செம்மலே! சரித்திரப் பேராசிரியர் சவரியார் அவர்களே!

விக்கிரமங்கலத்துக் குழந்தைவேலுக்கு அன்று பொறுமையில்லை. மகன் கொளஞ்சியப்பன் பள்ளியிறுதியில் தேறிவிட்டான். நம் கல்லூரிக்கான விண்ணப்பம் மறுநாள் திருச்சிக்குப் போயாக வேண்டும். சரித்திரம் எடுத்தால் பையன் வக்கீலாவான். வக்கீலானால், நிலத்தை வளைத்துக்கொண்ட பங்காளியை ஒரு கை பார்க்கலாம். சரித்திர வாத்தியாரே சரித்திரம் வேண்டாமென்பாரா என்ன! அந்தத் துணிவில்தான் அவர் வண்டி கட்டி வந்திருந்தார்.

தாங்களோ பெற்றவர்களை விட்டுவிட்டுப் பையனைப் பார்த்தீர்கள்.

"அந்தத் துணி முடிச்சுல என்ன தம்பி?"

"கெணறு வெட்டுனப்ப வந்துச்சுங்க சார். கடல் சங்கு மாதிரியே சுழி இருக்குதுங்க. ஆனா கல்லு. நம்ம ஊருக்கு எப்படிங்க வந்திருக்கும்?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றீர்கள்.

படித்தவர் ஒருவர் தெரியாது என்று சொல்லிக் குழந்தைவேல் அதுவரை கேட்டதில்லை. சற்றே கலங்கிப் போனார்.

"அதைச் சொல்லித்தர ஒரு படிப்பு இருக்கு. இப்ப சயன்ஸ் குரூப் எடுக்கணும். அப்புறம் மெட்ராஸ்ல பூமி சாஸ்திரம்."

குழந்தைவேலின் முகம் மலர்ந்தது. "பூமிப் படிப்பா! இதை மொதல்லயே சொல்லப்படாதுங்களா? சரித்திரம் படிச்சு வக்கீலாயி, சுத்தி வளைப்பானேன்? நேரா பூமியிலயே எறங்கிடலாம். எங்கிட்டுக் கையெழுத்துப் போடணும்?"

அந்தப் பக்கத்தில் நிலபுலத்துக்குப் பூமி என்றே பெயர். கலியம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பேசாதே என்று மகனுக்குக் கண்ணைக் காட்டினார். குழந்தைவேல் பேனாவைப் பிடித்தாயிற்று. தாங்கள் வாய் திறவாதிருந்தாலே போதும், பையன் ஆசைப்பட்டது கைகூடியிருக்கும்.

தாங்கள் விண்ணப்பத்தை மெல்ல இழுத்துக்கொண்டீர்கள்.

"குழந்தைவேல், இது நெலத்தைப் பத்தின சட்டம் இல்லைங்க. மண்ணுக்குள்ள இருக்கற கல்லைப் பத்தின படிப்பு. உங்க கேஸுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஐயோ, ஏங்கய்யா சொன்னீங்க!" என்று கலியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பாவை ஏமாத்திட்டுப் போனா, அவன் மனசு பாடத்துல நிக்குமாம்மா?"

"கல்லைப் படிக்கவா காலேஜு? டேய், வண்டியைப் பூட்டுடா!" குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வாய்மையின் வடிவே! இசைவு கிடைப்பதைவிட அறிந்து இசைவதே பெரிதென்று, கைக்கு வந்த கையெழுத்தையும் கைவிட்டவர் தாங்கள். சேர வருவோரையெல்லாம் அவரவர் நாட்டம் அறிந்து அயல்துறைகளுக்கு அனுப்பிவிட்டு, சொந்தத் துறையின் முன் வரிசையைக் காலியாக வைத்திருந்த விந்தை மனிதரும் தாங்களே! "சரித்திரத்துக்கு ஆள் பிடிக்கத் தெரியாத ஆளய்யா நீர்" என்று நாங்கள் கேலி பேசியதுண்டு. மாணவர்க்கு வழிகாட்டுவதில் தலைசிறந்தவர் எனப் பல்கலைக்கழகம் இவ்வாண்டு தங்களைப் போற்றியபோது, அந்தக் கேலியை நாங்களே விழுங்கிக்கொண்டோம்.

நோயின்றி, நொடியின்றி, நல்லுறக்கமும் நற்பசியும் நீங்காமல் தாங்கள் நெடுங்காலம் வாழ்க என்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டின் இந்த விடைபெறு விழாவில், உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் அனைவரும் ஒரு மனமாய்க் கையொப்பமிடுகிறோம். வாசல்வரை போன குழந்தைவேலை மட்டும் அங்கேயே நிறுத்திவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை.

மகனின் முடிச்சை வண்டிக்குள் வீசப்போனவர், ஏனோ அதை அவிழ்த்தார். அது அவரே வெட்டி, அவரே மண்வாரிக் கொட்டிய கிணறு. கல்லைப் புரட்டினார். சுழியில் அப்பியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தார். நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் முந்திரித் தோப்பு. மாடு தலையை ஆட்ட, மனைவியும் மகனும் பார்த்திருக்க, திரும்பவும் படியேறித் தங்கள் முன் வந்து நின்றார்.

"வக்கீலு கெடக்குதுங்க, பையன் இதையே படிக்கட்டும். ஆனா ஐயா, இது இங்க இருந்திச்சுன்னா, அந்தக் கடலு எங்கிட்டுங்க போச்சு?"