காலியாக இருந்தால் மறைந்துவிடும் கட்டம்

வெந்நீரில் குளிக்கும் பழக்கம் எனக்கு இல்லை, சார். திருநீர்மலையில் எங்கள் வீட்டில் எல்லா மாதமும் பச்சைத் தண்ணீர்தான். அதனால் கேஸ் கீசர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. எங்கள் கம்பெனி விற்ற பொருட்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

கம்பெனி மேற்குத் தாம்பரத்தில், குடோன் படப்பையில். வீட்டு உபயோகப் பொருட்களை வெப்சைட்டில் விற்கிறோம். ஒவ்வொரு பொருளின் விலை, அளவு, படம், எச்சரிக்கை எல்லாம் ஒரு மென்பொருளில் இருக்கும். வாங்குகிறவர்கள் பார்க்கும் வெப்சைட் வேறொன்றில் ஓடும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதைப் பார்த்து இதில் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். குக்கர் விலையில் கிரைண்டர் போன நாட்கள் உண்டு. இரண்டையும் இணைக்கும் பாலத்தை எழுதியது நான். அங்கே இந்தக் கட்டத்தில் இருப்பது இங்கே எந்தக் கட்டத்துக்கு வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கோத்தேன். காலியாக இருக்கும் கட்டம் பக்கத்தில் தெரியாமல் தானாக மறைந்துவிடும்படியும் செய்தேன். பார்க்க அழகாக இருக்கும்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். நைட் ஷிப்ட் கால்சென்டரில் கிடந்தவனை இங்கே கூப்பிட்டது ஜெபகுமார். பள்ளிக்கூட நண்பன். "நீ மூளை, நான் வாயி. ரெண்டும் சேந்தா பிச்சிக்கும் மச்சான்" என்றான். நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

பாலம் முடிந்ததும் முதலாளி தயாளன் சாருக்குக் காட்டினோம். ஜெபா காட்டினான் என்று சொல்ல வேண்டும். "நானே உக்காந்து பண்ணேன் சார். பூவராகன் டைப்பிங்ல ஹெல்ப் பண்ணான்" என்றான். நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன்.

"இனிமே டைப்பிங்குக்கு ஆளே தேவைப்படாதே, பூவராகா" என்றார் தயாளன் சார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபாவும் சிரித்தான்.

பிறகு டீக்கடையில் கேட்டான். "இன்னாடா, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற? டிகிரி இல்லாதவன் பண்ணான்னா அந்தாளு காசு குடுப்பானா? என் பேரு இருந்தா இன்னா, உன் பேரு இருந்தா இன்னா?"

நியாயமான கேள்வி. அவன் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குக் காட்டலாம் என்று தோன்றியது.

பாலத்தை ஓடவிடுவதற்கு முன்பு ஒரே ஒரு இணைப்பை வெட்டினேன். பாதுகாப்பு எச்சரிக்கைக் கட்டம். மிக்ஸிக்கு அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கேஸ் கீசருக்கு இருந்தது: மூடிய குளியலறைக்குள் பொருத்தக் கூடாது, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் மட்டும். வெப்சைட்டில் அந்தக் கட்டம் காலியாயிற்று. காலியானதால் மறைந்தது. ஜெபா விலையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், எல்லாம் சரி என்று தன் பெயரில் ஒப்புதல் கொடுத்தான். இல்லாத ஒன்றை யாரும் தேட மாட்டார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வரும். அதை யார் படிக்கிறார்கள்? வெளியே வைக்க வேண்டும் என்று தெரிந்த பிளம்பர்கள் பலர் உண்டு. தெரியாதவர்களும் உண்டு. முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு ஏதாவது ஆகும், விசாரணை வரும், அவன் பெயர் வெளியே வரும். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஜாஸ்மின் வாங்குவாள் என்று நான் நினைக்கவில்லை. ஜெபாவின் தங்கை. மேடவாக்கத்தில் அபார்ட்மெண்டில் இருந்தாள். எனக்கு நைட் ஷிப்ட் இருந்த காலத்தில் அண்ணனுக்குக் கட்டும்போது எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள். ஒரு சனிக்கிழமை போன் செய்தாள்.

"அண்ணா, பிளம்பர் வந்து நிக்கறாரு. கீசரை பாத்ரூம்லயே மாட்டிடவா, பால்கனியிலயா? பால்கனின்னா வாஷிங் மெஷினை நகத்தணும்."

"உங்க அண்ணனைக் கேக்க வேண்டியதுதானே?"

"அவன் எதைக் கேட்டாலும் வெப்சைட்ல பாருன்றான். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா, நீங்கதான் எல்லாம் பண்றீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"வெப்சைட்ல என்ன போட்டிருக்கு?"

"அதைப் பத்தி ஒண்ணுமே போடலியே."

பின்னால் பிளம்பரின் குரல் கேட்டது. "உள்ளயே வெச்சிக்கலாம்மா, அதுல இன்னா கீது?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அன்றே ஜெபாவிடம் சொல்வாள். அவன் அன்றே சரிசெய்வான். அந்தத் தவறைத் தானே கண்டுபிடித்ததாகத் தயாளன் சாரிடம் சொல்லி அதற்கும் பாராட்டு வாங்குவான்.

"உனக்கு எங்க வசதியோ அங்க மாட்டிக்கோம்மா" என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கிறவள் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. திறந்து வைப்பாளா என்று நான் கேட்கவில்லை.

கதவை உடைத்தபோது குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததாம். உடம்பில் காயம் எதுவும் இல்லை, கீசரின் விஷவாயுதான். கல்லறையில் நானும் மண் போட்டேன். ஜெபா என் தோளில்தான் சாய்ந்து அழுதான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்கு முடிந்தது என்றுதான் இருந்தது.

பிறகுதான் அவன் இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னான். "இணைப்பை எழுதியதும் நான், சரிபார்த்ததும் நான், என் தங்கச்சியை நானே கொன்னுட்டேன், பூவராகனுக்கு இதில் சம்பந்தமே இல்லை, அவன் குடும்பத்துக்கு அவன் ஒருத்தன்தான், விட்டுடுங்க" என்று கெஞ்சினானாம். நீங்களும் அதை எழுதிக்கொண்டீர்கள். நேற்று நான் தயாளன் சாரைப் பார்க்கப் போனபோது, "நண்பன்னா அவன்டா" என்று என் முதுகில் தட்டினார்.

அதனால்தான் வந்தேன். தவறுதலாக விட்டுப்போனது என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். என் வேலையில் எதுவும் தவறுதலாக விட்டுப்போகாது. எந்தக் கட்டத்தை வெட்ட வேண்டும் என்று பார்த்து வெட்டினேன். அவள் கேட்டபோது தெரிந்தேதான் சொன்னேன். ஜாஸ்மினைக் கொன்றது நான்.

ஜெபா என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்கிறீர்கள். உங்களுக்கு அவனைத் தெரியாது, சார். நான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வது அவனுக்கு இது இரண்டாம் முறை.