முத்திரைக்குக் கீழே ஒரு குடும்பம்

துணியில் எழுதும் சித்திரத்தில் சிவப்பு நிலைக்க வேண்டுமானால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஏரித் தண்ணீர் உப்பு, ஆகாது. அதனால்தான் என் வீடு குப்பத்தை விட்டுத் தள்ளி, கிணற்றோரமாக இருக்கிறது. அக்கம்பக்கம் ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. பல நாள் நான் பேசியதெல்லாம் துணியில் தீட்டும் மெழுகுச் சட்டியோடுதான்.

துரை, நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஒன்றோடொன்று பின்னிய மூன்று எழுத்துகள், உங்கள் ஒல்லாந்துக் கும்பினியின் முத்திரை. அதைத் துணியில் எழுதச் சொல்லி என்னிடம் வந்தது நீங்கள்தான். அந்தத் துணிகளைக் கழிகளில் கட்டி, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஆழமான வழியைக் காட்ட நட்டீர்கள். வெயிலில் சாயம் வெளுத்தால் துணியை மாற்றுவது என் வேலை. முன்பெல்லாம் குப்பத்தார் கோலை விட்டு ஆழம் பார்த்துத்தான் கடலுக்குப் போவார்கள். என் முத்திரை வந்த பிறகு அதை விட்டுவிட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அதில் பெருமை உண்டு.

பிறகுதான் பெரிய துணிக்கு உத்தரவு வந்தது. நடுவில் முத்திரை, அதன் நிழலில் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும் மீனவக் குடும்பம். ஒல்லாந்து தேசத்தில் கும்பினி மண்டபத்தில் மாட்டுவதற்கு என்றீர்கள். பார்த்து எழுதுவதற்காகக் குப்பத்திலிருந்து சடையனையும், அவன் மனைவி வேலம்மாவையும், மூன்று வயது அம்மணியையும் அழைத்து வந்தேன்.

தினமும் காலையில் வந்து உட்கார்வார்கள். வேலம்மா என் அடுப்பிலேயே இறால் குழம்பு வைப்பாள். அம்மணி என் முதுகில் சாய்ந்து தூங்குவாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், அப்பனைக் கூப்பிடுவதுபோல என்னை "நைனா" என்று கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

ஒரு மாதத்தில் முடிய வேண்டிய வேலை. முகம் சரியாக வரவில்லை என்று சொல்லி இரண்டு துணிகளை வீணாக்கினேன்.

"இன்னாண்ணே, எங்க மூஞ்சி அவ்ளோ கஷ்டமாவா கீது?" என்பான் சடையன்.

"ஒம் மூஞ்சிதான்யா கஷ்டம். எம் மூஞ்சி மொத நாளே முடிஞ்சிடுச்சி" என்பாள் வேலம்மா.

நாலாவது மாதம் சடையன் எழுந்துவிட்டான். தெற்கே, மச்சான் ஊருக்குப் போய்ப் பிழைக்கப் போகிறார்களாம். "நாளைக்கு மத்தியானம் தோணியத் தள்றேன். நீ மனசுல வச்சே எழுதிக்கோண்ணே" என்றான்.

மறுநாள் காலை துணி மாற்றப் போனேன். கடல் பக்கத்துக் கடைசிக் கழியையும் பிடுங்கி, எண்பது அடி வடக்கே, ஆழமில்லாமல் அலை உடையும் மணல்மேட்டில் நட்டேன். வலையோடு போன குப்பத்து நாகப்பன் நின்று பார்த்தான்.

"இன்னாத்துக்குண்ணே எடம் மாத்துற?"

"கும்பினி உத்தரவு" என்றேன். முத்திரையைப் பார்த்தான், தலையாட்டிவிட்டுப் போனான்.

தோணி மட்டும் தட்டி உடையும் என்றுதான் நினைத்தேன். தோணி இல்லாதவன் எங்கே போவான்? என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வேலம்மாவும் குழந்தையும் தரைவழியாகப் போவார்கள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. நான் கரையில்தான் நின்றிருந்தேன். வேலம்மா குழம்புச் சட்டியைத் தோணியில் கவிழ்த்து வைத்ததையும், அம்மணியை மடியில் இருத்திக்கொண்டதையும் பார்த்தேன். காற்று பலமாக இருந்தது. அம்மணி கையசைத்தாள். நானும் அசைத்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அவர்களுக்குப் பின்னால் நாகப்பனும் தோணியை விட்டான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

நாலு பேரையும் மறுநாள் அலை ஒதுக்கியது. குப்பமே கரையில் அழுதுகொண்டிருந்தபோது நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அத்தனை நாள் வராத முகங்கள் தாமாகவே வந்தன. யாரும் அசையவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.

இதே அறையில் துணியை விரித்ததும் கேட்டீர்கள்: உத்தரவில் மூன்று பேர்தானே, நாலாவதாக உட்கார்ந்திருப்பவன் யார்? குழந்தை ஏன் அவன் முதுகில் சாய்ந்திருக்கிறது? உங்கள் சந்தேகம் அதில்தான் தொடங்கியது.

அது நான்தான் துரை. கழியை மாற்றியதும் நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. அந்தத் துணியை மட்டும் கப்பலில் ஏற்ற வேண்டாம். ஒரு குடும்பத்தைப் பிரித்துக் கண்காணாத தேசத்துக்கு அனுப்ப உங்களுக்கு எப்படி மனசு வரும்?