தெருவுக்குள் நீண்ட அறை

— இந்த மாடி ரூமைக் கட்டினது யாருன்னு உங்களைக் கேட்டா மேஸ்திரியைக் காட்டறீங்க. மேஸ்திரியைக் கேட்டா 'தலைவர் கட்டச் சொன்னாரு, கட்டினேன்'ங்கறான். நடுவுல கார்ப்பரேஷன்லேருந்து வந்த நான் பந்து மாதிரி உருண்டுக்கிட்டிருக்கேன். இன்னிக்கு எனக்கு ஒரே ஒரு ஆள் வேணும், தலைவரே.

— அதாவது பாருங்க இன்ஸ்பெக்டர், நான் இந்தத் தெரு நலச் சங்கத்துக்குத் தலைவன். முனையில 'தெருவை ஆக்கிரமிக்காதீர்'னு போர்டு வச்சவனே நான்தான்.

— பாத்தேன். போர்டுக்கு மேலதான் உங்க ரூம் நீட்டிக்கிட்டு நிக்குது. மழை படாம பளபளன்னு இருக்கு போர்டு.

— காத்து வாங்க ஒரு சின்ன ரூம். அதாவது பாருங்க, தெருவை மேலேருந்து கண்காணிக்கணும் இல்லையா?

— ஆம்புலன்ஸ் திரும்ப முடியாம அந்த ரூம்ல முட்டிக்கிட்டு நின்னுதே, அதைக் கண்காணிச்சீங்களா?

— டிரைவருக்கு ஓட்டத் தெரியல.

— தண்ணி எடுத்துக்குங்க சார். அண்ணா, கட்டும்போதே வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்...

— நீ உள்ள போம்மா.

— உள்ளன்னா மாடிப்படிக்குக் கீழதானே? அங்கயும் எல்லாம் காதுல விழும்.

— அங்கயா இருக்கீங்க?

— எங்கண்ணன் நிழல்ல இருக்கேன் சார். ஜன்னல் வச்ச ரூம் ஒண்ணு குடுன்னு கேட்டுக் கேட்டு நாக்கு தேஞ்சுபோச்சு. 'அப்பா வீட்டை எனக்குக் குடுத்துட்டுப் போனாரு, உன்னை வச்சிருக்கறதே பெரிசு'ம்பாரு.

— குடும்ப விஷயத்தை ஏம்மா சபையில இழுக்கறே? இன்ஸ்பெக்டர், நீங்க மேஸ்திரி மேல கேஸ் போடுங்க.

— அவன் கூலிக்குக் கல்லு வச்சவன். சட்டப்படி முதல் பொறுப்பு வீட்டுக்குச் சொந்தக்காரருக்குத்தான். ரூமை இடிக்கணும். இல்லேன்னா கோர்ட்டு, கூண்டு, அப்புறம் ஜெயில்.

— ஜெயிலா? சொந்தக்காரனுக்கா?

— சொந்தக்காரருக்கு.

— அட, அதை முதல்லயே சொல்லக்கூடாதா? வீடு என்னோடது இல்லையே!

— வாசல்ல பித்தளையில உங்க பேரு மின்னுதே?

— பஸ் சீட்டுல துண்டு போட்டா பஸ்ஸே நம்மளுதா?

— அப்ப பஸ்ஸு யாருது?

— இதோ நிக்கறாளே, என் தங்கச்சி. அவளுது.

— தலைவரே, மறுபடியும் பந்து உருட்டாதீங்க. எனக்குக் கால் வலிக்குது.

— சத்தியமாச் சொல்றேன்! அப்பா இவ பேருக்குத்தான் எழுதிவச்சாரு. பதிவு ஆபீஸ்ல போய்ப் பாருங்க. நான் அதாவது பாருங்க, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கேன்.

— அண்ணா... இப்ப என்ன சொன்னே?

— நீ சும்மா இரு. அண்ணன் மானம் போகலாமா? உன்னைன்னா பாவம்னு விட்டுடுவாங்க.

— தலைவரே, இதை எழுதிக்கறேன். கையெழுத்துப் போடுவீங்களா?

— கொண்டாங்க பேனாவை. ஒண்ணுக்கு ரெண்டாப் போடறேன்.

— நல்லது. அம்மா, இனிமே பொறுப்பு உங்க தலையில. ஒரு மாசத்துக்குள்ள ரூமை இடிக்கணும்.

— இந்த வாரமே இடிச்சிடறேன் சார்.

— பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்! எங்க குடும்பமே சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடும்பம்.

— சார், போறதுக்கு முன்னாடி ஒண்ணு. என் வீட்டுல என்னைக் கேக்காம ஒருத்தர் இத்தனை வருஷமாக் குடியிருக்காரு. அந்தப் புகாரையும் உங்ககிட்டயே குடுக்கலாமா?