மகனை விற்றுவிட்டார்கள்

நான் ஊர் வம்பு கேட்கிறவள் இல்லை. வடமதுரை பேருந்தில் முன் இருக்கைக்காரி, "என் மகனை வித்துட்டாங்க மதினி" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்தில் இருந்த மதினியும் பதறினாள். "அடிப்பாவி! யாருடி வித்தா?"

"அவன் பந்து விளையாடுற கிளப்புதான். கேரளாவுல வேற கிளப்பு வாங்குது. விக்கிறவுகளுக்கு அம்புட்டு லாபமாம்."

"அவன் என்ன மாடா? பல்லைப் புடிச்சுப் பாத்தாகளா?"

"முழங்காலைப் பாப்பாகளாம். இன்னைக்குத்தான் வாங்குறவுக டாக்டர் பாக்குறாரு. இவனுக்கு வலது கால்ல ஒரு மாசமா வலி. சொன்னா யாவாரம் முறிஞ்சிரும்னு புரோக்கர் மிரட்டியிருக்கான்."

"கெட்ட சுழியை மறைச்சு மாட்டை விக்கிற கதையால்ல இருக்கு! நாளைக்குக் காலு போச்சுன்னா?"

"அதான் டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

அப்போது அவள் போன் அடித்தது. மகன்தான். "அப்பு, வலிக்குதுன்னு சொல்லிட்டியா?" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை மடியில் வைத்துவிட்டு மதினி பக்கம் திரும்பினாள்.

"வலி தெரியலையாம் மதினி. போறதுக்கு முன்னாடி ஊசி போட்டு அனுப்பிருக்காக. யாவாரம் முடிஞ்சிருச்சு."

"எந்தப் படுபாவி போட்டான்?"

"இத்தனை நாளும் அவன் காலுக்கு வைத்தியம் பாத்த டாக்டர்தான். விக்கிற கிளப்பு டாக்டர்."