பவானேஸ்வரி அம்மையார் கேட்ட உண்மைக் கணக்கு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் திரு. தர்மேந்திரன் அவர்களே, துணைவியாரை இழந்து அமர்ந்திருக்கும் திரு. காந்தன் அவர்களே, அன்னையை இழந்த மகள் திவ்யதர்ஷினியே, தொலைவிலுள்ள சுங்கை ரம்பாயிலிருந்துகூடக் கடையை மூடிவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, வணக்கம்.

நான் சேகரன். கிளேபாங்கில் முறுக்கு, அதிரசம் விற்பவன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு மேசை போட்டுத் தொடங்கியவன். எனக்கு வியாபாரம்தான் பேசத் தெரியும். நம்மை விட்டுப் பிரிந்த சங்கச் செயலாளர் பவானேஸ்வரி அம்மையாருக்கும் அதுதான் பிடித்தது.

நாம் எல்லோரும் இணையத்தில் கடை திறந்தோம். எந்த மாதம் ஆள் வருவார்கள், எந்த மாதம் விளம்பரத்துக்குப் போட்ட காசு திரும்பும் என்று யாருக்காவது தெரிந்ததா? அம்மையார் தேடினார். சொந்தப் பணம் கொடுத்து ஒரு வெளிநாட்டு அறிக்கை வாங்கினார். அதன்படி நமக்கெல்லாம் டிசம்பரில்தான் அமோக வியாபாரம்! டிசம்பரில் அதிரசம் தேடுகிறவன் யாரய்யா?

"வெளியில கிடைக்காது, நாமே சேர்த்துக்குவோம்" என்றார். பதினான்கு கடைக்காரர்களிடம் மாதக் கணக்குக் கேட்டார். தன் தையல் கடைக் கணக்கை முதலில் வைத்தார்: விளம்பரத்துக்குப் போட்டது ஐந்நூறு வெள்ளி, அதனால் வந்தது இருநூற்று எண்பது. நஷ்டத்தை ஊரறியச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நாங்கள் என்ன செய்தோம்? பொய் எழுதினோம். என் இணையப் பக்கத்துக்கு வந்தவர்கள் தொள்ளாயிரம் பேர். நான் எழுதியது நாலாயிரம். மறுநாளே அம்மையார் என் கடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, நாலாயிரம் பேரு வந்தாங்கன்னா முறுக்கு ஏன் இன்னும் அலமாரியிலயே குந்தியிருக்கு?"

"குறைச்சு எழுதுனா மத்தவன் சிரிப்பான்லா."

"அந்த மத்தவரும் பொய்தான் எழுதிக் குடுத்திருக்காரு. உங்க பொய்யையும் அவரு பொய்யையும் கூட்டி நான் என்னத்தண்ணே கண்டுபிடிக்கிறது?"

அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன். அதன் பிறகுதான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. தீபாவளி ஒரு வருடம் நவம்பரில் வருகிறது, இன்னொரு வருடம் அக்டோபரில் வருகிறது. நாமோ போன நவம்பரைப் பார்த்து இந்த நவம்பருக்குத் திட்டம் போட்டோம். பண்டிகை முடிந்த பிறகு பலகாரத்துக்கு விளம்பரம் கொடுத்த புத்திசாலி இங்கேதான் நிற்கிறேன்!

"மாசத்தை விடுங்கண்ணே. தீபாவளிக்கு எத்தனை வாரம் இருக்குன்னு எண்ணுங்க" என்றார். அப்படி அடுக்கிப் பார்த்தால், வெளியூர்க்காரர்கள் பலகாரம் தேடுவது ஐந்து வாரத்துக்கு முன்பே. கடைசி வாரத்தில் தேடல் சரிந்துவிடுகிறது. நானோ மற்ற வருடங்களில் காசையெல்லாம் அந்தக் கடைசி வாரத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தேன். மாற்றினேன். அந்த வருடம் என் அலமாரி காலி.

அம்மையாரால் பிழைத்தவன் நான் ஒருவன்தானா? பத்து பெரண்டாமில் சேலைக்கடை வைத்திருக்கும் ஜெயமணி பிழைக்கவில்லையா? பூஜைச் சாமான் விற்கும் நிவேந்திரன் பிழைக்கவில்லையா?

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே எனக்குப் போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க. இனிமே யாரை நம்பி கணக்கக் குடுக்கிறது?" ஒருவரல்ல, மூன்று பேர் கேட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன், வந்திருக்கிறார்கள். பதினான்கில் மூன்று போனால், பின்னாலேயே ஐந்து போகும். பிறகு அம்மையார் தொகுத்த கணக்குப் பட்டியலே இருக்காது. தீபாவளிக்கு இன்னும் பதினோரு வாரம். மறுபடியும் குத்துமதிப்பாகக் காசைக் கொட்டப் போகிறோமா?

பட்டியலைத் தொகுக்க திவ்யதர்ஷினி முன்வந்திருக்கிறார். அவர் கையில் கணக்கைக் கொடுக்க வேண்டியது நாம்தான். மலர்வளையம் வைத்துவிட்டுக் கணக்கை மறைத்தால், அது அம்மையாருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

ஆகவே உண்மைக் கணக்குக் கொடுப்பேன் என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு நான் உட்காரப் போவதில்லை. திவ்யா, எழுதிக்கொள்ளம்மா. போன மாதம் என் பக்கத்துக்கு வந்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். வாங்கியவர்கள் பத்தொன்பது பேர். விளம்பரத்துக்குப் போட்டது முந்நூறு வெள்ளி, அதனால் வந்தது நூற்று நாற்பது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

அடுத்து யார்?